முகம் தைக்காத மணப்பெண்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அருள் அண்ணனிடமிருந்து போன் வந்தது. ஒரு கல்யாண ரவிக்கையின் கைப்பகுதியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். "வள்ளிம்மா, உங்க அக்கா போயிட்டாக" என்றார். "சரிண்ணே" என்றேன். போனை வைத்த பிறகு, பாதியில் நின்ற இலை டிசைனில் இன்னும் மூன்று மணிகளை வைத்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான்காவது மணிக்குத்தான் கை நின்றது.

போனவர்கள் ஜெசிந்தா அக்கா. அருள் அண்ணனின் மனைவி. காரைக்குடியில் துணிப் பொம்மை வேண்டும் என்றால் அவர்கள் பெயரைத்தான் சொல்வார்கள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் அல்ல. ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஓர் அறையை இருவருமாக வாடகைக்குப் பிடித்துப் பதினோரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். அவர்களுக்குப் பொம்மை, எனக்கு ரவிக்கையில் மணி வைக்கும் ஆரி வேலை.

வந்த முதல் வாரமே சண்டை. மின்விசிறியைப் போட்டால் அவர்களுடைய பொம்மைப் பஞ்சு பறந்து வந்து என் பட்டில் ஒட்டும். "அக்கா, ஒண்ணு ஃபேன் ஓடணும், இல்ல உங்க பஞ்சு ஓடணும். நீங்களே சொல்லுங்க" என்றேன். மறுநாள் கைக்குழந்தைகளுக்குக் கவிழ்க்கும் குடைக் கொசுவலை ஒன்றோடு வந்தார்கள். பஞ்சை அதற்குள் வைத்து, இரண்டு கையையும் உள்ளே விட்டுப் பொம்மைக்கு அடைத்தார்கள். "பாத்துக்க வள்ளி, இன்னைக்கு உனக்குக் காத்தும் உண்டு, எனக்குக் கொசுவும் இல்ல." அதற்குப் பிறகு அவர்களிடம் கோபித்துக்கொள்வது எனக்குக் கஷ்டமாகிப்போனது. கோபம் வரும், நிற்காது.

அவர்கள் பொம்மை ஒரு சாண் உயரம். காடாத் துணியை டீத்தூள் டிகாக்‌ஷனில் ஊறவைத்து நம்மூர் ஆட்களின் நிறத்துக்குக் கொண்டுவருவார்கள். சேலைக்கு உள்ளே நாடா வைத்த உள்பாவாடை உண்டு, ரவிக்கைக்கு நிஜக் கொக்கி உண்டு. கண்டாங்கிச் சேலையின் கட்டம் பொம்மைக்குப் பெரிதாகத் தெரியும் என்று, வெறும் துணியில் நூலோட்டி ஒவ்வொரு கட்டமாகத் தாங்களே போடுவார்கள். ஒரு சேலைக்கு இரண்டு நாள் போய்விடும். வாங்க வந்த ஒருவர், "வெளிய தெரியாத உள்பாவாடைக்கு இம்புட்டு வேலையா?" என்று கேட்டார். "உள்பாவாடை இல்லாம அனுப்பிச்சா அவ எப்படிங்க தலை நிமிந்து நிப்பா?" என்றார்கள் அக்கா. அவர்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கேட்டவரும் சிரிக்கவில்லை.

மூக்குத்திக்கு மட்டும் என் மணி டப்பாவில் கை வைப்பார்கள். கேட்டுவிட்டு எடுக்கும் பழக்கமெல்லாம் கிடையாது. "ஒண்ணு கொறஞ்சா கர்த்தர் எடுத்துக்கிட்டார்னு நெனச்சுக்க" என்பார்கள். நானும் அவர்களுடைய நல்ல கத்திரியை எடுத்துக் காகிதம் வெட்டிப் பழி தீர்த்துக்கொள்வேன்.

உடுப்பெல்லாம் உடுத்தி முடித்த பிறகுதான் முகம் தைப்பார்கள். அதுவரை பட்டுச் சேலையும் ஜரிகைக் கரையுமாக, மொட்டைத் தலையோடு, கண் மூக்கு இல்லாமல் மேசையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். "உடுப்பப் பாத்தாத்தான் இவ யாருன்னு எனக்கே தெரியும்" என்பார்கள். ஒற்றை இழை நூலால் கண், புருவம், உதடு. முடிச்சுகளைப் பின்மண்டையில் விட்டு, மேலே கம்பளி நூலில் தலைமுடி. இரண்டு கண்ணையும் ஒருபோதும் நேராக வைக்க மாட்டார்கள். இடது கண் ஒரு நூல் இறங்கித்தான் இருக்கும். பிசகு என்று நினைத்து ஒருநாள் சுட்டிக்காட்டினேன். "எவளுக்கு ரெண்டு கண்ணும் ஒரே கோட்டுல இருக்கு? உனக்கு இருக்கா?" என்றார்கள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். இல்லைதான்.

போன வருடம் ஆடி மாதம் அவர்கள் கையிலிருந்து முதல்முறை ஊசி விழுந்தது. குனிந்து எடுத்தார்கள், மறுபடி விழுந்தது. மதுரையில் காட்டினார்கள். நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்கள். அதை இங்கே எழுத எனக்குப் பிடிக்கவில்லை. மாத்திரை கொடுத்து, இது தீராது, மேலும் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். அக்கா அதில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அதன் பிறகு தைத்த பொம்மைகளில் உதடு கன்னத்துக்கு ஓடியது. புருவம் பாதியில் அறுந்து நின்றது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நாளைக்குப் பாப்போம்" என்று நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். இப்படியே பொம்மை விற்கும் கடைக்குப் போனால் திரும்பி வந்துவிடும், அவர்கள் மனசு உடைந்துபோகும் என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் போனதும் பொம்மையை எடுத்து அந்த முகத்தைப் பிரித்துவிட்டு, அதே நிற நூலில், இடது கண்ணை ஒரு நூல் இறக்கி, நானே தைத்தேன். காலையில் அக்கா வந்து பார்த்தார்கள். உதட்டுத் தையலை விரலால் தடவினார்கள். பிறகு, "நேத்து எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு போல. நல்லாத்தான் வந்திருக்கு" என்றார்கள். நான் ஆமாம் என்றேன். செய்ததெல்லாம் அவ்வளவுதான், ஆனால் ஒன்றோடு நிறுத்தவில்லை.

நாலு மாதம் இது நடந்தது. ஒருநாள் என்னிடம், "மாத்திரை வேலை செய்யுது வள்ளி. ஊசி புடிக்கும்போது நடுங்குது, ஆனா தையல் நேரா விழுகுது. ஆண்டவன் ஒரு வழிய அடைச்சா இன்னொண்ணத் தொறப்பாரு போல" என்றார்கள். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்க வேண்டும். டீ வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன்.

அந்த நம்பிக்கையில்தான் மகள் செலினுக்கு மணப்பெண் பொம்மை செய்ய ஆரம்பித்தார்கள். செலின் மஸ்கட்டில் நர்ஸ். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணச் சேலையோடு வந்த ரவிக்கைத் துணியில் மிஞ்சிய தந்த நிறப் பட்டு, தலைக்கு வலைத்துணி முக்காடு, வெள்ளை மணியில் கிரீடம். கிரீடமும் கரையும் நான் செய்தேன், அவர்களே கேட்டு. "முகம் மட்டும் என் கையால. அவ போற ஊருல அம்மா கைன்னு ஒண்ணு இருக்கணும்" என்றார்கள்.

முகத்தை மூன்று நாள் தைத்தார்கள். மூன்றாம் நாள் அவர்கள் கிளம்பிய பிறகு எடுத்துப் பார்த்தேன். கண் ஒன்று நெற்றிக்கு ஏறியிருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. கல்யாண வீட்டில் பத்துப் பேர் பார்க்கும் பொம்மை. அன்றும் பிரித்தேன். பிரித்த நூலைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். அழகாகத் தைக்க வேண்டும் என்ற பதற்றத்தில் இரண்டு கண்ணையும் அளந்து நேராக வைத்துவிட்டேன்.

மறுநாள் அக்கா பொம்மையைக் கையில் எடுத்தார்கள். சன்னல் பக்கம் திருப்பினார்கள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நான் போட்ட கண்ணு இல்ல" என்றார்கள்.

நான் சட்டத்தைத் தள்ளி வைத்தேன்.

"எத்தன பொம்மைக்கு இப்படி?"

"ஆடிக்குப் பெறகு... எல்லாத்துக்கும்க்கா."

"நான் மாத்திரைன்னுல்ல நெனச்சேன்" என்றார்கள்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். திட்டவில்லை. "பிரிச்சிரு, நான் போடுறேன்" என்று மட்டும் சொன்னார்கள். பிரித்தேன். இரண்டு முறை தைத்துப் பிரித்த துணி ஊசித் துளைகளால் நைந்திருந்தது. நூல் கோத்துக் கொடுத்தேன். அவர்கள் விரலில் ஊசி நிற்கவில்லை. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளவா என்று கேட்டேன். "வேணாம். புடிச்சா அது உன் கைதான்" என்றார்கள். சாயங்காலம் வரை முயன்றார்கள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தையல்கூட விழவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் மாடி ஏறவில்லை.

நோய் கூடிக்கொண்டே போனது. நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். என்னோடு நன்றாகத்தான் பேசினார்கள். விலைவாசி, மாமியார் கதை, கோயில் திருவிழா எல்லாம் பேசுவோம். பொம்மையைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. ஒரு தடவை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நல்லதுக்குத்தானே செஞ்ச. விடு" என்றார்கள். விட்டுவிட முடிந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்.

அடக்கத்துக்குச் செலின் வந்துவிட்டாள். கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார்களாம். அடுத்த மாதம் எளிமையாக நடத்தப்போகிறார்கள். நேற்று செலின் எங்கள் அறைக்கு வந்தாள். கொசுவலைக்குள் உட்கார்ந்திருந்த பொம்மையை எடுத்துச் சேலையைத் தடவினாள், முக்காட்டை விலக்கிப் பார்த்தாள்.

"சித்தி, அம்மா முகம் தைக்கவே இல்லையா?"

"தச்சாக. நான்தான் பிரிச்சேன்" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், குப்பைக் கூடை வரைக்கும். அழுதுகொண்டே கேட்டாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொம்மையை என் மடியில் வைத்தாள்.

"நீங்களே தச்சுக் குடுத்துருங்க சித்தி. அம்மா மாதிரித் தைக்க உங்களுக்குத்தானே தெரியும். கேக்குறவுகளுக்கு அம்மா தச்சதுன்னே சொல்லிக்குவேன்."

அக்கா, உங்கள் மகள் எதைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள் பாருங்கள். முடியாது என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்? காலையிலிருந்து பொம்மை என் முன்னால் இருக்கிறது. பழுப்பு நூலில் ஒற்றை இழை எடுத்து ஊசியில் கோத்திருக்கிறேன். தைத்தாலும் உங்களுக்குத் துரோகம், தைக்காவிட்டாலும் துரோகம். வேண்டாம் என்றால் வேண்டாம், போடு என்றால் போடுகிறேன். ஒரு வார்த்தை சொல்ல நீங்கள் இல்லை. போய் வாருங்கள் அக்கா.