தண்ணீர் ஆகாத மண்

என் கணவர் வளைகுடாவுக்குப் போய் பைப் லைன் ஃபோர்மேன் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் மண்ணைத் தவிர வேறு பேச்சே இல்லை. மற்றவர்களின் புருஷன்மார்கள் வீடியோ கால் போட்டால் கடலைக் காட்டுவார்கள், பளபளவென்று கடைகளைக் காட்டுவார்கள். இந்த மனிதர் போனைக் கீழே திருப்பித் தரையைக் காட்டுவார். சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிய மாதிரி வெளுத்துக் கிடக்கும். ஒரு புல் முளைத்திருக்காது. "இன்னா கெட்டியா கீது பாத்தியா" என்று பூட்ஸ் காலால் ஓங்கி மிதிப்பார். நானும் பார்ப்பேன். அதில் பார்க்க என்ன இருக்கிறது, மண்.

அவருக்குப் பின்னால் பக்கத்துக் கட்டில்காரர் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்ப்பார். கடலூர்ப் பக்கத்து ஆள், நல்ல மனிதர். விடும்மா தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்கு மண்ணுப் பைத்தியம் என்று சிரிப்பார். அந்த அறையிலேயே புத்தியுள்ள ஆள் அவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

அது ஜிப்சம் மண்ணாம். வீட்டுக்குள் ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்களே, அந்தப் பலகையில் இருக்கும் அதே சரக்கு. மழை பெய்தால் கரைந்து போயிருக்கும். பாலைவனத்தில் மழை ஏது? அதனால் பூமியிலேயே தங்கிப் படிந்துவிட்டது. மேலே ஓடு கட்டியதுபோல இறுகிக் கிடக்கும், கடப்பாரை போட்டால் தெறிக்கும். மேல் ஓடு உடைந்தால் உள்ளே மைதா மாவு. நடுநடுவே கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ மின்னும், அதை நகத்தால் கீறினால்கூட கோடு விழும். சாதாரண சிமென்ட்டை அரித்துத் தின்றுவிடும் என்று தனி சிமென்ட் வாங்கிப் போடுவார்களாம். இத்தனை வீறாப்பும் தண்ணீர் படும்வரைதான். பட்டால் அடியில் கரைந்து பொந்து விழும், மேலே தரை ஒன்றும் நடக்காத மாதிரி காய்ந்து கிடக்கும். இந்தக் குணங்களை அவர் அடுக்கும்போதெல்லாம் எனக்கு என் ஓரகத்தியின் ஞாபகம்தான் வரும்.

ஓரகத்தி என்றால் இவருடைய அண்ணன் மனைவி. வெள்ளானூரில் அவர்களுடைய பழைய வீட்டில் எனக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். அடுப்பு அவளுடையது. அவள் குளித்து, சாமி கும்பிட்டு, டிவியில் ராசிபலன் கேட்டு முடித்து வரும்வரை யாரும் பால் பாத்திரத்தை அடுப்பில் வைக்கக் கூடாது. எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தாலும் காபிக்குக் காத்திருக்க வேண்டும். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தீப்பெட்டி மாதிரி வீடுதான், ஆனால் அடுப்பு என் அம்மாவுடையது. நான் மாளிகை கேட்கவில்லை. நினைத்த நேரத்தில் பற்றவைக்க எனக்கென்று ஓர் அடுப்பு, அதற்கு ஒரு சுவர், ஒரு கூரை. ஏரிக்குப் பின்னால் இருந்த எங்கள் பங்கு மனையில் வீடு கட்ட ஆரம்பித்தது அதற்காகத்தான்.

அப்போது லீவில் வந்த இந்தப் பெரிய மனிதர் பெட்டியில் எனக்கு என்ன கொண்டுவந்தார் தெரியுமா? ஒரு மண்கட்டி. சாக்லேட்டுக்கு நடுவில், பிளாஸ்டிக் பையில் சுற்றி. குடும்பத்தையே கூடத்தில் உட்காரவைத்து அதைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். உடையவில்லை. அண்ணன் வாயைப் பிளந்தார். பிறகு அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவைத்தார். காலையில் பார்த்தால் கூழாகி அடியில் படிந்து கிடந்தது. என் நல்ல எவர்சில்வர் டம்ளர் அது. தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோனது.

அவர் திரும்பிப் போன பிறகு பக்கத்துக் கட்டில்காரரை வீடியோ காலில் பார்க்க முடியவில்லை. கேட்டேன். கேம்ப் மாறிவிட்டார் என்றார். அதற்குப் பிறகு இவருடைய தண்ணீர்ப் பேச்சு இன்னும் முற்றியது. சுவரோரம் செடி வைக்காதே, பைப் சொட்டுகிறதா பார், துணி துவைத்த தண்ணீர் எங்கே போகிறது என்று நாளுக்கு நாள் நச்சரிப்பு. வயதாகிறது, கிறுக்கு பிடிக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் மனை தாழ்ந்த இடம், அடியில் களிமண். பேஸ்மட்டத்தை உயர்த்தி, உள்ளே சவுட்டு மண் கொட்டி நிரப்பியாகிவிட்டது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீரைத் தேக்கிவிட வேண்டும். மண் இறங்கும், மறுபடி கொட்டி, மறுபடி தேக்க வேண்டும். பிறகுதான் தரை. மேஸ்திரி ஓஸ் பைப்பைக் கையில் எடுத்தார், அதே நேரம் இவருடைய வீடியோ கால் வந்தது. தண்ணீரைப் பார்த்ததும் அங்கிருந்து கத்தினார் பாருங்கள், மேஸ்திரி ஓஸைக் கீழே போட்டுவிட்டார்.

"தண்ணி உட்டாதாண்ணா மண்ணு குந்தும்" என்று மேஸ்திரி ஒரே ஒரு தடவை சொன்னார்.

இவர் கேட்டால்தானே? ஒரு சொட்டு விடக்கூடாது, மிஷினை வாடகைக்கு எடுத்து வறட்டு மண்ணையே குத்துங்கள் என்று உத்தரவு. நான் கரடியாய்க் கத்தினேன். இது வெள்ளானூருங்க, உங்க பாலைவனம் இல்லை என்றேன். உனக்கு மண்ணைப் பத்தி இன்னா தெரியும் என்றார். ஏரி மண்ணில் பிறந்து, அதே மண்ணில் நெல் விளைவித்த குடும்பத்துப் பிள்ளை கேட்கிற கேள்வி இது! தனி சிமென்ட் வேறு வேண்டுமாம். ஆவடியில் ஹார்ட்வேர் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, கடல்ல கட்டப் போறீங்களா என்றார். மானம் போனது.

மேஸ்திரியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. தவறு என்று தெரிந்தே குத்தினார், தெரிந்தே டைல்ஸ் ஒட்டினார், தெரிந்தே கூலி வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். வாய்க்குள் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? இன்னொரு தடவை சொல்லியிருந்தால் நாக்கு தேய்ந்துவிடுமா?

ஆவணியில் பால் காய்ச்சினோம். என் அடுப்பில், என் கையால். அன்று நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் தோசைக்கல்லில் எண்ணெய் ஒரு பக்கமாகவே ஓடியது. அடுப்புதான் சாய்ந்திருக்கிறது என்று அட்டையை மடித்துக் கீழே வைத்தேன். அடுத்த நாள் இன்னொரு அட்டை. டைல்ஸைத் தட்டினால் வெற்றுப் பானை மாதிரி சத்தம் கேட்டது. ஒரு மத்தியானம் அடுப்பு மேடைக்கும் சுவருக்கும் நடுவே என் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிங்க் பக்கம் தரை இறங்கியது. வறட்டாகக் குத்திய மண் மழை ஈரத்தில் இப்போதுதான் சாவகாசமாக உட்காருகிறது. சிலிண்டரை மூடிவிட்டு, பாத்திரங்களைக் கூடையில் போட்டுக்கொண்டு பழைய வீட்டுக்கே போனேன்.

ஓரகத்தி வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னா, தனிக் குடித்தனம் அவ்ளோதானா?" என்றாள். அந்த ஒரு வரியை இரண்டு வருடமாகச் சேமித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. மறுநாள் காலை ராசிபலன் முடிகிறவரைக்கும் காத்திருந்துதான் காபி குடித்தேன்.

அவர் அவசர லீவில் வந்தார். வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று காத்திருந்தேன். கேட்கவும் கேட்டேன், விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும். மறுநாள் மேஸ்திரியை வைத்து டைல்ஸைப் பெயர்த்தோம், தரையை உடைத்தோம். ஓஸை நானே பிடித்தேன். தண்ணீர் மளமளவென்று உள்ளே போனது, மண் குமிழி விட்டு இறங்கியது. நான் கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்தார், இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு.

இந்த வீரர் ஈர மண்ணில் கால் வைக்கப் பயப்படுகிறார் என்று எனக்குச் சிரிப்பே வந்தது. உள்ளே வாங்க, உங்களை முழுங்கிடாது என்றேன்.

"வெளிய வா" என்றார். குரல் அவருடையதாக இல்லை. "மொதல்ல நீ வெளிய வா."

ஓஸை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "அவன் கேம்ப் மாறல. பள்ளத்துல இருந்தான். பக்கத்துல போற தண்ணி லைனு ராத்திரி பூரா கசிஞ்சிகினு இருந்திருக்கு. மேல தரை காஞ்சிதான் கெடந்துது, அப்டியே சரிஞ்சி அவன மூடிட்ச்சி. நான்தான் எறங்குன்னு சொன்னேன்."

எனக்கு அவர்மேல் இரக்கம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மண்ணின் நிறம் சொன்னார், குணம் சொன்னார், டம்ளரில் கரைத்துக்கூட காட்டினார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்ட மனிதர் அதே மண்ணுக்கடியில் போனதை மட்டும் சொல்லவில்லை. அந்தக் கடலூர் வீட்டில் ஒருத்தி எந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாளோ என்று நினைத்தேன்.

அங்கே திரும்பிப் போகாதீர்கள் என்றேன். வீட்டுக் கடனை யார் கட்டுவது என்றார். தரை உலர்வதற்குள் விமானம் ஏறிவிட்டார்.

தை பிறந்ததும் மறுபடி டைல்ஸ் ஒட்டினோம். இப்போது மேடை ஆடாமல் நிற்கிறது, எண்ணெய் தோசைக்கல்லின் நடுவிலேயே நிற்கிறது. அந்த நாசமாய்ப் போகிற மண்ணைத் தோண்டித்தான் இதெல்லாம் வருகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

தினமும் வீடியோ கால் வருகிறது. அவர் இப்போது மண்ணைக் காட்டுவதில்லை. சாப்பிட்டாயா, மழை உண்டா என்று கேட்கிறார். நான் ஒன்றுதான் கேட்கிறேன், இன்று பள்ளத்தில் இறங்கினீர்களா? நான் எதுக்கு இறங்கறேன், மேலே நின்று வேலை வாங்குகிறவன் என்கிறார். அப்படியானால் போனைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், பேன்ட்டில் வெள்ளைப் பொடி இருக்கிறதா பார்க்கிறேன் என்கிறேன்.

இத்தனை வருடம் தரையை மட்டுமே காட்டிய மனிதர், முகத்துக்கு நேராகவே போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.