சிவநேசனின் ஆயுதம்

சிவநேசன் கிள்ளானில் பிறந்து, கிள்ளானிலேயே திருமணம் செய்துகொண்டு, தினமும் ரயிலேறிக் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒரு பெட்டி பாதுகாப்பானது என்று நிரூபித்துக்கொண்டிருந்தான். பெட்டி என்றால் காலில் மாட்டும் சப்பாத்து வைக்கும் பெட்டி அளவில் ஒரு கணினி. மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைப் பூட்டிவைப்பதற்கானது.

பாதுகாப்பானது என்று யாரும் சொல்லலாம். விற்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சிவநேசன் பெட்டிக்குள் ஓடும் நிரலை வரிவரியாக எடுத்து, சாவி இல்லாத எவரும் எந்த வழியிலும் உள்ளே போக முடியாது என்று கணிதத் தேற்றம்போல நிறுவினான். நிரல் சில ஆயிரம் வரி. நிரூபணம் சில லட்சம் வரி. அது முடிவதற்குள் அவனுக்கு முன்தலை வழுக்கையாகிவிட்டது.

சொந்தக்காரர்களுக்கு அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இலைக்குப் பக்கத்தில் யாராவது ஒரு கைப்பேசியைக் கொண்டுவந்து வைப்பார்கள். லோரி ஓட்டும் லோகன் அவனுடைய மனைவியின் அண்ணன். யாரோ போனில் கேட்டார்கள் என்று ரகசிய எண்ணைச் சொல்லி, ஃபேஸ்புக் கணக்கைப் பறிகொடுத்துவிட்டு வந்தான்.

“மச்சான், கொஞ்சம் பாருங்க லா. என் மூஞ்சியப் போட்டு எவனோ ஊறுகா விக்கிறான்.”

சிவநேசன் நடந்ததை முழுக்கக் கேட்டான். “சிஸ்டத்துல தப்பு ஒன்னும் இல்ல. நீங்கதான் தப்பு. மனுசன் எங்க ஆராய்ச்சியில வரமாட்டான்.”

“அவனையும் கொஞ்சம் சேத்துக்குங்க. பாவம்,” என்றான் லோகன்.

சிவநேசனுடைய வேலை ஒப்பந்த வேலை. டிசம்பரோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, மானியம் தரும் அமைப்பிலிருந்து டாக்டர் நோர்லைலா என்ற அம்மையார் பெட்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் குறித்த நாள் விஜயதசமி. பெட்டி அவர் முன்னால் ஒழுங்காக வேலை செய்தால் வேலை நிலைக்கும் என்று சிவநேசன் நம்பினான். இதற்கு அவனிடம் நிரூபணம் இல்லை.

முந்தைய நாள் ஆயுத பூஜை. அவனுடைய மனைவி தாமரை தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தன்னுடைய புத்தகங்களையும் தையல் இயந்திரத்தையும் சாமி முன்னால் வைத்துவிட்டு வந்து நின்றாள்.

“உங்க ஆயுதம் எங்க?”

“எனக்கு ஏது ஆயுதம்?”

“எங்கண்ணன் லோரிக்கு மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சி ஏத்துறான். நீங்க இத்தன வருசம் படிச்சிருக்கீங்க. கும்பிட ஒரு சாமான் இல்லையா?”

அவன் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். கட்டைவிரல் அளவில், கணினியில் செருகும் சிறு துண்டு. உலகத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடியது அது ஒன்றுதான். மாற்றுச் சாவி வைத்தால் நிரூபணம் இன்னும் ஒரு வருடம் நீளும் என்று ஆரம்பத்திலேயே விட்டுவிட்டான்.

“இவ்வளவுதானா?” என்றாள் தாமரை. ஆனால் குறை வைக்கவில்லை. குழைத்த சந்தனத்தை நான்கு பக்கமும் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து சாவி கைக்கு வந்தது. சந்தனம் காய்ந்திருந்தது.

“தொடைச்சிடாதீங்க. வேல ஆரம்பிச்சப்புறம் தொடைச்சிக்கலாம்,” என்றாள்.

ரயிலில் அவன் சாவியை இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்தான். ஒன்றும் ஆகாது என்று தோன்றியது. ‘தோன்றுகிறது’ என்று மாணவர்கள் கட்டுரையில் எழுதினால் சிவப்பு மையால் அடிப்பவன் அவன்.

ஆய்வகத்தில் அதன் தலைவர் பேராசிரியர் முகுந்தன் மூக்கை உறிஞ்சினார். “சிவா, என்னய்யா, கோயில் வாசம் வருது?”

“ஏசி வாசமா இருக்கும், ப்ரொஃப்.”

நோர்லைலா வந்து பெட்டிக்கு எதிரே உட்கார்ந்ததும் சிவநேசன் சாவியைச் செருகினான். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உருவி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி செருகினான். சிவப்பு. சந்தனம் உள்ளே தகடுகள்வரை போயிருந்தது. சாவி சொன்னது பெட்டிக்குப் பாதிதான் கேட்டது. பாதி சொல்பவனைத் திருடன் என்று எடுத்துக்கொள்ளும்படிதான் அவன் அதை எழுதியிருந்தான். மூன்றாம் முறை செருகியதும் பெட்டி பூட்டைத் திறப்பதற்குத் தன்னிடமிருந்த ரகசியத்தை அழித்துக்கொண்டு அணைந்தது. அதுவும் அவன் நிரூபித்ததுதான்.

“இனி இதை எப்படித் திறப்பது?” என்று நோர்லைலா ஆங்கிலத்தில் கேட்டார்.

“திறக்க முடியாது.”

“நீங்களுமா?”

“என்னாலும் முடியாது.”

“மருத்துவமனையில் அவசர நேரத்தில் இப்படி நடந்தால்?”

“குறிப்புகள் பத்திரமாக இருக்கும்.”

“நோயாளி?”

சிவநேசன் யோசித்தான். நேர்மையானவன். “நோயாளி நிரூபணத்துக்கு வெளியே,” என்றான்.

முகுந்தன் கூரையைப் பார்த்தார். நோர்லைலா சிரிக்கவில்லை. “தவறான ஆள் நுழைய முடியாது என்று நிரூபித்துவிட்டீர்கள். சரியான ஆள் நுழைய முடியும் என்பதை?”

“அது வேறு தேற்றம். கடினமானது. தொடவில்லை.”

அவர் கைப்பையை மூடினார். “திறந்திருந்தால் பணி நிறைவடைந்தது என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பேன். அந்த எண்ணத்தோடுதான் வந்தேன். இப்போது பாதி பாக்கி இருக்கிறது. இரண்டு வருடம் போதுமா?”

போதும் என்று முகுந்தன் அவசரமாகச் சொன்னார். நோர்லைலா போன பிறகு சிவநேசனின் தோளைத் தட்டினார். “இனிமே எதையும் ஒழுங்கா செஞ்சி முடிச்சிடாதய்யா.”

வீட்டுக்கு வந்து தாமரையிடம் எல்லாவற்றையும் சொன்னான். சந்தனத்தை மறைக்கலாமா என்று நினைத்தான். பிறகு அதையும் சொன்னான். அவள் வருத்தப்படுவாள் என்று எதிர்பார்த்தான்.

“நான் சந்தனம் வச்சேன். சாவி அடைச்சிக்கிச்சி. அதனால பெட்டி தொறக்கல. தொறக்காததால வேல நிலைச்சிச்சி,” என்று விரல் மடக்கினாள் தாமரை. “அப்ப பூசை பலிச்சிச்சா இல்லையா?”

சிவநேசன் அந்த வாதத்தை முதலிலிருந்து சரிபார்த்தான். ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து வந்தது. ஓட்டை கிடைக்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதும் தேடினான்.

“அடுத்த வருசம் ரெண்டு சாவியா செய்யுங்க. ஒன்னு சாமிக்கு,” என்றாள்.

“ரெண்டு சாவின்னா நிரூபணம் இன்னும் ஒரு வருசம் நீளும்.”

“நீளட்டும்,” என்றாள் தாமரை.