டிரைவர் காட்டாத படங்கள்

கோடம்பாக்கத்தில் பள்ளிக்குப் போகிற வழியில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்த என் மகள், மின்சார ரயிலிலிருந்து நூலிழையில் தப்பினாள். மறுநாளே அவளை அடுத்த தெருவிலிருந்த ஓய்வுபெற்ற ரயில் டிரைவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பெட்டி பெட்டியாக ரயில் படங்களும் காகிதங்களும் சேர்த்து வைத்திருப்பவர். ஒரு விபத்துப் படத்தைக் காட்டி அவளைப் பயமுறுத்தினால் போதும் என்று நினைத்தேன்.

ஒல்லியான மனிதர். ஒவ்வொரு படத்தை எடுக்குமுன்னும் பழந்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். இன்னும் எண்ணெய்க் கை என்ற நினைப்பு போலும். நீராவி எஞ்சின், டீசல் எஞ்சின், பழைய கால அட்டவணை என்று காட்டிக்கொண்டே போனார். ‘விபத்து விசாரணை’ என்று எழுதிய ஒரு பழுப்புக் கவரை மட்டும் ஒதுக்கி வைத்தார்.

எனக்குப் பொறுமை போயிற்று. “அதைக் காட்டுங்க சார். இவளுக்குப் புத்தி வரட்டும்.”

“வேணாம்மா. பயந்த புள்ள ரயிலைப் பார்த்தா அங்கியே நின்னுடும். ஓடுனவங்க பொழைச்சிக்கினாங்க. நின்னவங்கதான் இந்தக் கவர்ல கீறாங்க.”

“அப்ப நான் என்னதான் சொல்றது?”

“கூடவே நடந்து போம்மா, கொஞ்ச நாளு.”

வேலைக்குப் போகிற என்னிடம் சொல்கிற யோசனையா இது! எரிச்சலோடு வெளியே வந்தேன். மகளோ டீசல் எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

அவர்மேல் இன்றும் கோபம்தான். ஆனால் அவளை மிரட்ட வாயெடுத்தால், அந்தக் கவரில் இருக்கும் நின்றவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.