ஜெயசீலி சிஸ்டரின் ஸ்டூல்

பழைய பருத்திப் புடவையைக் கிழித்த துண்டுகள் அடுப்பில் கொதிக்கின்றன. அகலமான அலுமினியக் குண்டானில் டெட்டால் விட்டு, மரக்கரண்டியின் காம்பால் அவற்றைப் புரட்டிவிடுகிறார் ஜெயசீலி சிஸ்டர். பிறகு பிழிந்து வாளியில் போட்டு, மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொடியில் வரிசையாகக் காயப்போடுகிறார். தோல் பதனிடும் ஷாப்பு பக்கமிருந்து காற்று அடித்தால் ஈரத்தோடு அத்தனையையும் எடுத்து வீட்டுக்குள் கட்டிய கயிற்றுக்கு மாற்றுவார். "பச்சப் புள்ள துணியில அந்த வாட ஏறக்கூடாதுக்கா" என்பார்.

நான் கீழ் வீட்டுக்காரி. மாடிக் கொடியில் பாதி எனக்கு, பாதி அவருக்கு. இப்போது என் பாதியும் அவரிடம்தான்.

"இன்னும் எத்தன தான் சிஸ்டர் கிழிப்பீங்க? ஒரு வார்டுக்கே வரும் போலிருக்கே."

"கணக்கு பாத்துக்கினா புள்ளைங்க மூத்திரம் போவும், அக்கா?"

அந்தக் குழந்தை இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருடைய ஒரே மகள் சௌந்தர்யா ஓசூரில் இருக்கிறாள். ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு ஆம்பூருக்கு வரமாட்டேன் என்று போன மாதமே சொல்லிவிட்டாள்.

ஹைவே ஓரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு நர்ஸ் ஜெயசீலி சிஸ்டர். ஐம்பது வயதுக்கு நல்ல திடம். காலில் எப்போதும் ஷூ கம்பெனி வாசலில் விற்கிற, ஏற்றுமதியில் தள்ளுபடியான ரிஜெக்ட் ஜோடி. இடதுக்கும் வலதுக்கும் நிறம் லேசாக மாறியிருக்கும். "வெள்ளக்காரன் வேணான்னு தள்னது எனக்கு எவ்ளோ நல்லா ஒழைக்குது பாரு" என்று பெருமையாகக் காலைத் தூக்கிக் காட்டுவார். ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்த கணவர் இறந்ததிலிருந்து ரயில் சத்தம் கேட்டால் மணி பார்ப்பார்.

முன்பெல்லாம் வார்டில் அவர் குரல் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். "கத்தாத! பெத்துக்க வந்துட்டு இன்னா கத்து?" என்று அவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மாட்டுக்கு ஊசி போடுகிற மாதிரி போடுவார் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

சென்ற வருடம் ஒரு புது டாக்டரம்மா வந்தார். வந்ததும் வார்டுக்கு ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஆபரேஷனா, வலி வர மருந்தா, காத்திருப்பதா, எதுவானாலும் பெற்றுக்கொள்ளப் போகிறவளிடம் முதலில் பேச வேண்டும். நின்றுகொண்டு பேசக்கூடாது, உட்கார்ந்து பேச வேண்டும். மாமியாரும் புருஷனும் அந்த நேரத்தில் வெளியே. கூட ஒருவர் இருக்கலாம். அது யார் என்பதையும் அவளே சொல்ல வேண்டும். ஒவ்வொரு வழியிலும் உள்ள நல்லது கெட்டதைச் சொல்லி, அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று அவள் வாயாலேயே கேட்டுவிட்டு, அப்புறம்தான் டாக்டரும் அவளும் சேர்ந்து முடிவு செய்வது.

"ஒக்காந்து பேசணுமாம். கட்சி மீட்டிங்கா நடக்குது இங்க?" என்று ஜெயசீலி சிஸ்டர் ஒரு மாதம் முணுமுணுத்தார். அதற்குப் பிறகு என்ன ஆனதென்று தெரியவில்லை, அந்த வார்டில் அவரைப் போல உட்கார்ந்து பேச ஆளில்லை என்றாகிவிட்டது. பழைய இரும்பு ஸ்டூல் ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டார். வேறு யாரும் எடுக்காமலிருக்க அதன் காலில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியால் ஒரு முடிச்சு. பேசி முடித்ததும் ஸ்டூலை இடுப்பில் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு போவார். எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை.

பெண்கள் வழக்கமாக "நீங்களே சொல்லுங்க சிஸ்டர்" என்பார்கள். இல்லையென்றால் "அவர கேட்டுக்கோங்க." சிஸ்டர் விடமாட்டார். "அவருக்கா வலிக்கப்போவுது, கண்ணு? நீ சொல்லு." கடைசியில் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: உங்க பொண்ணா இருந்தா இன்னா பண்ணுவீங்க? அதற்கு அவரிடம் பதில் தயாராக இருக்கும். "எம்பொண்ணா இருந்தாலும் இதே ஸ்டூலப் போட்டு ஒக்காந்து, இதயே தான் கேப்பேன்."

இந்தக் கதைகளையெல்லாம் அவரே போனில் சௌந்தர்யாவுக்குச் சொல்வார். கூடவே, எந்த டாக்டர், எந்த ரூம், எந்த வாரம் கிளம்பி வர வேண்டும் என்பதையும் சொல்வார். வளைகாப்பு முடிந்த கையோடு மகளை அழைத்துவருவதற்காக, வீட்டில் புதிதாக வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தாகிவிட்டது; கட்டிலைக் காற்றோட்டமான ஜன்னல் பக்கம் திருப்பியாகிவிட்டது.

மகள் கிளம்பவில்லை. "நான் இங்கயே பாத்துக்கறேம்மா. வசந்த் கூட இருக்கணும்னு ஆசப்படறேன்" என்றாளாம். வசந்த் அவள் கணவன். சிஸ்டர் கத்தியிருக்கிறார், பழைய குரலில்; எனக்குக் கீழே கேட்டது. அதற்கு மகள் சொன்னதைக் கொடியடியில் துணியை உதறிக்கொண்டே ஒருநாள் என்னிடம் சொன்னார். "'ஊர்ல இருக்கறவள எல்லாம் கேக்கறியே, என்னை ஒரு வார்த்த கேட்டியாம்மா?'ங்கறாக்கா." பிறகு கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டார். அந்தச் சண்டையிலிருந்து அவர் மகளைக் கூப்பிடுவதில்லை. அவளும் கூப்பிடுவதில்லை. துணி மட்டும் கிழிபட்டுக்கொண்டிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை அந்த ஸ்டூலை நான் நேரில் பார்த்தேன்.

தெருமுனை வீட்டு தூபாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்; பார்க்கப் போயிருந்தேன். ஷூ கம்பெனியில் தையல் செக்ஷன் பெண். முதல் குழந்தை ஆபரேஷன், இது இரண்டாவது. நாள் நெருங்கியும் வலி வரவில்லை. பேசும்போது யார் கூட இருக்க வேண்டும் என்று சிஸ்டர் கேட்க, அவள் மாமியாரைத் தாண்டி என்னைக் காட்டிவிட்டாள்.

மாமியார் அக்தரி பேகத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "அரே, நான் இன்னா பேஜார் பண்ணேன்? தெருவுல இருக்கற அம்மா உள்ள, நான் வெளியவா?"

"கோச்சுக்காதீங்கம்மா. போய் டீ குடிங்க. சக்கர கம்மியா போடச் சொல்லுங்க" என்று சிஸ்டர் அவர் முதுகில் கைவைத்து வாசல்வரை கொண்டுவிட்டு, கதவைச் சாத்தி, ஸ்டூலைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தூபாவின் முகத்துக்கு நேராக அவர் முகம் வந்தது.

"இன்னொரு வாட்டி ஆபரேஷனே பண்ணிக்கலாம். இல்லாட்டி வலி வருதான்னு டாக்டரம்மா சொல்ற நாள் வரைக்கும் பாக்கலாம். ரெண்டுலயும் நல்லதும் இருக்குது, பயமும் இருக்குது. பழைய தையல் இருக்குதில்ல, வலி வர்றப்போ அது எப்பனா ஒருக்கா விட்டுக்கும். ஜாஸ்தி பேருக்கு ஆவாது. ஆச்சுன்னா ஒடனே ஆபரேஷன் தான், தள்ளிப்போட முடியாது."

"எங்க ஷாப்புல ஷூவோட மேல்தோலுக்கு டபுள் தையல் போடுவோம் சிஸ்டர். எனக்கு சிங்கிளா, டபுளா?"

சிஸ்டர் சிரித்துவிட்டார். "இத டாக்டரம்மாவ கேக்கணும் நீ. நல்ல கேள்வி தான். எழுதி வெச்சிக்கறேன்." அப்புறம், ஆபரேஷன் என்றால் புண் ஆற எத்தனை நாள் படுக்க வேண்டும், அடுத்த பிரசவத்துக்கு அது என்ன சிரமம் தரும் என்பதையெல்லாம் அவசரமில்லாமல் சொன்னார். "இப்போ நான் சொன்னத நீ எனக்குச் சொல்லு பாப்போம்."

தூபா தட்டுத்தடுமாறிச் சொன்னாள். ஒன்றை விட்டுவிட்டாள், சிஸ்டர் மறுபடி எடுத்துக்கொடுத்தார்.

"வெளிய அவங்க ஆபரேஷன் தான் சொல்லிக்கினு இருக்காங்க. நாள் கூட பாத்துட்டாங்க" என்றாள் தூபா.

"அவங்க சொன்னத வுடு. ஒனக்கு இன்னா வேணும்?"

அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் வலி வர்ற வரைக்கும் பாக்கறேன் சிஸ்டர். பயமாத்தான் இருக்குது. ஆனா நான் பாக்கறேன்."

"சரி. டாக்டரம்மாகிட்ட நீயே சொல்லு. நான் பக்கத்துல இருப்பேன்." அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு எழப்போனார்.

தூபா அந்தக் கையை விடவில்லை. முகத்தில் புதிதாக ஒரு தைரியம், அதன் ஓரத்தில் இன்னும் காயாத சந்தேகம்.

"சிஸ்டர், உங்க பொண்ணு இப்டி சொல்லி இருந்தாக்கா, நீங்க சரின்னு தானே சொல்லி இருப்பீங்க?"

எனக்குத் தெரிந்த அந்தப் பதிலுக்காக நான் காத்திருந்தேன். ஜெயசீலி சிஸ்டர் தூபாவின் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக எடுத்துப் போர்வையின் மேல் வைத்தார். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், வெளியே போய்விட்டார்.

காலில் முடிச்சுப் போட்ட அந்த ஸ்டூல் கட்டிலோரமே கிடந்தது.