கோட்டைவாசல் ஏறிய இரண்டு சைக்கிள்கள்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் வைகாசி மாதம், பள்ளிக்கூட விடுமுறையில் நானும் என் மதினி எஸ்தரும் தூத்துக்குடியிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, செங்கோட்டைக்கு மேற்கே மலையைத் தாண்டிப் புனலூர் வரை போனோம். பாதி சைக்கிள், பாதி பஸ் என்பது திட்டம். ரயில் இருக்கும்போது இது என்ன கிறுக்கு என்று கேட்காதவர்கள் இல்லை. ரயில் மலையைக் குடைந்து குகைக்குள் போகிறது. எங்களுக்கு மலையின் தலைமேல் போக ஆசை.

மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் காய்ச்சலில் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் சாத்தான்குளத்துப் பெண். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே தையல் டீச்சர். துறைமுகத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சீமைக்குக் கப்பலேறியபோது, அவர் மனைவியின் பச்சை நிற லேடீஸ் சைக்கிளை மதினி விலைக்கு வாங்கினாள். கடற்கரைச் சாலையில் விழுந்து விழுந்து ஓட்டப் பழகினாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பெரியப்பா வந்தார். அண்ணனுக்குப் பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுகளுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். மதினி நடையில்தான் நின்றாள். ஆனால் அவர் என்னிடம்தான் பேசினார்.

“ஏளா தங்கம், புருசன் இல்லாத பிள்ளைய ஊர் ஊரா கூட்டிக்கிட்டு அலையப் போறியாக்கும். போங்க. மலையத் தாண்டாம பாதி வழியில திரும்பி வந்து நின்னியன்னா, இந்தச் சைக்கிள வித்துப்போடுவேன். பொறவு வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவ வீட்டோட கெடக்கட்டும்.”

மதினி கைப்பம்பை எடுத்து வந்து அவர் முன்னாலேயே குந்தி உட்கார்ந்து, இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்தாள்.

திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பினோம். புதுக்கோட்டை, வாகைக்குளம், வல்லநாடு வழியாகத் திருநெல்வேலி முப்பது மைலுக்குக் கொஞ்சம் மேல். வல்லநாட்டில் வண்டிக்காரர் ஒருவர் எங்களைப் பார்ப்பதற்காகவே மாட்டை நிறுத்திக் கீழே இறங்கினார். முறப்பநாட்டில் ஆற்றங்கரை மரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். வெயில் தாழும்போது பாளையங்கோட்டையில், என்னோடு படித்த ஒரு டீச்சர் வீட்டில் போய் விழுந்தோம்.

செவ்வாய்க்கிழமை சைக்கிள்களைப் பஸ்ஸின் தலையில் ஏற்றித் தென்காசி போனோம். அங்கிருந்து செங்கோட்டை ஐந்து மைல். அதைச் சைக்கிளிலேயே கடந்தோம். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. எல்லைச் சாவடிச் சேவகர் எங்கள் பைகளைக் கிளறி, மதினியின் ஊசிப்பெட்டியைத் திறந்து பார்த்து, சிரித்துவிட்டு மூடிக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை புனலூர் பஸ். முப்பது மைல், ஆளுக்கு ஒரு ரூபாய், சைக்கிளுக்கு நாலணா. பெட்ரோல் பஞ்சத்தால் அன்று பஸ்கள் கரியில்தான் ஓடின. பின்பக்கம் ஆளுயர அடுப்பு ஒன்று இருக்கும். அதில் கரியைப் போட்டு மூட்டினால் வருகிற புகையில் இஞ்சின் ஓடும். சமதரையில் எப்படியோ ஓடிவிடும். மலைக்கு அந்தப் புகை போதாது.

போதவும் இல்லை. புளியரை தாண்டி ஏற்றம் தொடங்கிய மூன்றாவது வளைவில் பஸ் நின்றுவிட்டது. எல்லாரையும் இறக்கினார்கள். ஆண்கள் தள்ளினார்கள், நாங்களும் தள்ளினோம். நகரவில்லை. கண்டக்டர் மேலே ஏறி, எங்கள் இரண்டு சைக்கிளையும் அவிழ்த்துக் கீழே இறக்கினார்.

“இது இங்கன கெடக்கட்டும் டீச்சர். நாளைக்கு வார வண்டியில ஏத்தி அனுப்புதேன். நீங்க ஏறிக்கிடுங்க.”

மதினி அண்ணாந்து பார்த்தாள். “வெங்காய மூட்டை அத்தனையும் மேலதான இருக்கு?”

“அது மொதலாளி சரக்கும்மா.”

“இது என் சரக்கு. இத விட்டுட்டு நான் வரமாட்டேன்.”

“பொம்பளையாளுவ இந்த மலைய ஏறிருவியளா? யானை நிக்கும்மா!”

“யானையா எங்ககிட்ட துட்டு வாங்குச்சு? நீரு தானே வாங்குனீரு!”

கீழே நின்ற பயணிகள் சிரித்துவிட்டார்கள். கண்டக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. அடுப்பைக் கிளறச் சொல்லி, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு விசில் ஊதினார். பஸ் இருமிக்கொண்டே மெல்ல நகர்ந்து வளைவில் மறைந்தது. நாங்கள் இருவரும் இரண்டு சைக்கிள்களும் மலையில் மிஞ்சினோம்.

உச்சிக்கு இன்னும் இரண்டு மைலுக்குமேல். மிதித்து ஏற முடியாத ஏற்றம்; தள்ளிக்கொண்டு நடந்தோம். சாரல் விழத் தொடங்கியது. சேலை நனைந்து காலைப் பின்னியது. ஓரிடத்தில் சாலை நடுவே யானை லத்தி, ஆவி பறக்கக் கிடந்தது. அதைத் தாண்டிப் பத்தடி போவதற்குள் இடப்பக்கச் சரிவில் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. பட், பட் என்று, அவசரமில்லாத சத்தம்.

நான் அவள் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினேன். “மதினி, புளியரைக்கே திரும்பிருவோம்.”

அவளும் பயந்துதான் இருந்தாள். “நீ வேணும்னா போளா. நான் திரும்புனா இந்தச் சைக்கிள் போயிரும். அதோட நானும் போயிருவேன்” என்றாள் மெதுவாக.

நான் போகவில்லை. பாறையோடு ஒட்டி நின்றோம். முறியும் சத்தம் கீழே கீழே இறங்கி, மழையோடு கலந்து தேய்ந்தது. அதன் பிறகும் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் தள்ளத் தொடங்கினோம். மூச்சு இரண்டு பேருக்கும் ஊரைக் கூட்டியது.

கோட்டைவாசல் என்ற அந்த மலையுச்சியில் ஒரு டீக்கடை. அதன் முன்னால் பஸ் நின்றது. அவிந்துபோன அடுப்பில் மறுபடி கரி போட்டு மூட்டிக்கொண்டிருந்தார்கள். பயணிகள் எங்களைக் கண்டதும் கிளாசும் கையுமாக எழுந்து வந்தார்கள். கண்டக்டரும் வந்தார். பாவம், அவருக்கும் உள்ளூர உறுத்தியிருக்கும்.

“சரி, ஏறுங்க. சைக்கிளையும் மேல ஏத்திருதேன்.”

“இனிமே எறக்கந்தானே?” என்றாள் மதினி.

“ஆமா.”

“ஏத்தத்துல எறக்கிவிட்டுட்டு, எறக்கத்துல ஏத்த வாரீராக்கும். வேண்டாம். நாங்க இப்பிடியே போறோம்.”

எனக்கு ஏறிவிடத்தான் ஆசை. ஆனால் அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு பேச முடியவில்லை. டீக்கடைக்காரர் புளியரைக்காரர். அரையணா டீயில் எங்களுக்கு மட்டும் பாலைக் கூட்டி ஊற்றினார். “ஈர ரோட்டுல பிரேக்க நம்பாதீய” என்று சொல்லி, தழையோடு இரண்டு மரக்கிளைகளை வெட்டி, ஆளுக்கொன்றாகச் சைக்கிளின் பின்னால் கயிற்றில் கட்டிவிட்டார். கிளை தரையில் இழுபட்டு வருவதால் வண்டி தறிகெட்டு ஓடாதாம்.

அந்த இறக்கத்தை நான் எப்படிச் சொல்வேன்! ஒரு பக்கம் பாறையில் வழியும் நீர், மறுபக்கம் மேகம் நிறைந்த பள்ளம். பின்னால் கிளைகள் சரசரவென்று வர, மதினி முன்னே போனாள். ஆரியங்காவு தாண்டிச் சரிவு குறைந்ததும் கயிற்றை அறுத்துக் கிளையைத் தூக்கி எறிந்தாள். அதன் பிறகு அவளை எட்டிப் பிடிக்க என்னால் ஆகவில்லை. வழியில் பஸ் எங்களைக் கடந்தது. ஜன்னலெல்லாம் கைகள். ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து வீசிக் காட்டினார்.

தென்மலையில் ஆற்றோரம் அவள் நின்றிருந்தாள். உடம்பெல்லாம் சேறு, முகம் நனைந்திருந்தது, மழையில் மட்டும் அல்ல.

“உங்க அண்ணன் போன நாள்லேருந்து எல்லாரும் என்னைய மெதுவா நட, மெதுவா பேசுன்னே சொல்லிக்கிட்டு இருக்காவ. இன்னைக்கு ஒருத்தராலயும் சொல்ல முடியலல்லா?” என்றாள்.

புனலூரில் இரண்டு நாள் தங்கினோம். மூன்றாம் நாள் கிளம்பும்போது, திரும்புவதற்காவது ரயில் ஏறலாமே என்றேன். மதினி ஏற்கெனவே செங்கோட்டைப் பக்கம் சைக்கிளைத் திருப்பி வைத்திருந்தாள்.

கிழக்கே மேகத்துக்குள் இருந்த மலையைப் பார்த்து நான் எங்கள் ஊரை நினைத்தேன். தூத்துக்குடியில் மேடு பள்ளம் கிடையாது. உப்பளத்துச் சாலையில் ஒரு பெண் சைக்கிளில் வந்தால் இரண்டு மைலுக்கு அப்பாலிருந்தே தெரியும். அவள் வந்து சேருமுன் அவளைப் பற்றிய பேச்சு வந்து சேர்ந்துவிடும். இங்கே ஒரு வளைவு திரும்பினால் போதும், யார் கண்ணிலும் பட மாட்டோம். இதை மதினியிடம் சொன்னேன்.

அவள் சேலையை இழுத்துச் செருகி, மிதியில் கால் வைத்தாள்.

“ஊர்ல தெரிஞ்சா என்னளா? நல்லா தெரியட்டும்.”