கதாநாயகன் வாசிக்க வேண்டிய காகிதம்

ஐம்பதுகளில் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் எங்கள் தமிழ் நாடக சபைக்கு நான்தான் கதாநாயகன். ஆனால் எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பள்ளியில் படித்ததெல்லாம் கன்னடம். இந்த ஊரில் பிறந்தவனுக்கு அதில் என்ன அதிசயம்? நாடகாசிரியர் வசனம் சொல்லச் சொல்ல, யாருக்கும் காட்டாமல் கன்னட எழுத்தில் எழுதி உருப்போடுவேன். வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

அடுத்த சீசன் நாடகங்களை அறிவிக்கும் கூட்டத்தன்று ஆசிரியருக்குக் காய்ச்சல். அவர் எழுதி அனுப்பிய காகிதத்தைக் காரியதரிசி நேராக என்னிடம் நீட்டினார்.

"நீங்களே படிங்க சார். உங்க குரல்ல கேட்டாத்தான் நல்லா இருக்கும்."

எழுத்துகள் புழுப்போல நெளிந்தன. "தொண்டை கட்டியிருக்கு" என்று வில்லன் நடிகரிடம் தள்ளினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று அவர் பெண்வேடக்காரரிடம் தள்ளினார். அவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. காகிதம் ஆர்மோனியக்காரரையும் தாண்டிக் காரியதரிசியிடமே திரும்பியது. மறுபடி என்னிடம்தான் வரப்போகிறது என்று துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன்.

காரியதரிசி காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் நெற்றி வியர்த்திருந்தது. பிறகு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் பார்த்தாச்சில்ல? அத்தனையும் அருமையான நாடகம். பாட்டும் நிறைய இருக்கு. சம்மதந்தானே?"

என்னென்ன நாடகம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரையும் முந்திக்கொண்டு கை தட்டியவன் நான்தான்.