ஐந்தாவது மருந்து

திக்குவாயோடு பள்ளிப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு. கணினி படிக்க அனுப்பவே மாட்டேன் என்று நின்ற அப்பாவின் சம்மதம். பதினொரு நேர்காணல்களில் வாயைத் திறந்து முடிப்பதற்குள் வெளியே அனுப்பப்பட்டு, பன்னிரண்டாவதில் வேலை. என் தங்கை வென்றவை இவை. நான் எட்டாவதோடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்தவள். அவளுடைய சான்றிதழ்களைத் தேதிவாரியாகக் கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகத்தில் அவளுக்குச் சோதிக்கும் வேலை. நோயாளியின் விவரம் சரியாகப் பதிவாகிறதா, கேட்டால் அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் அவள் தொடங்கும் சோதனை முடிய முக்கால் மணி நேரம் ஆகிறது. அதுவரை தேநீர் ஆறிக் கிடக்கும். திரையை விட்டுக் கண் எடுக்க மாட்டாள்.

“ஏம்மா, உன் டெஸ்ட் முடியறதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன் போலிருக்கே!” என்பார் குழுத் தலைவர்.

“ஆ... ஆகுங்க சார். உங்க பென்ஷன் பேப்பரையும் டெஸ்ட் பண்ணித் தரேன்.”

முன்பு இரண்டே நிமிடம்தான். அப்போது நோயாளிகளின் விவரங்கள் போய்ச் சேரும் உண்மையான தரவுத்தளத்தில் சோதிக்கவில்லை. கணினியின் நினைவுக்குள்ளேயே ஒரு தற்காலிகத் தரவுத்தளம். சோதனை தொடங்கும்போது பிறந்து, முடிந்ததும் மறைந்துவிடும். அதில் அறுநூறு சோதனைகளும் பச்சை காட்டின. மென்பொருளை மருத்துவமனைகளுக்குக் கொடுக்கலாம் என்ற ஒப்புதல் தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். அதுவரை மேலதிகாரிகள் மட்டுமே போட்ட இடம் அது. அதன் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் கண்ணாடிச் சட்டம் போட்டு மிஷினுக்கு மேலே மாட்டினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு மருத்துவமனையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அவர் உடம்புக்கு ஆகாத மருந்துகள் ஐந்து. செவிலி ஐந்தையும்தான் பதிந்திருந்தார். உண்மையான தரவுத்தளத்தில் அவற்றை எழுதும் கட்டத்துக்கு, இத்தனை எழுத்துதான் என்று நீள வரம்பு இருந்தது. நான்கை வைத்துக்கொண்டு ஐந்தாவதைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. தற்காலிகமானது அந்த வரம்பையெல்லாம் பார்ப்பதில்லை, எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். பெரியவருக்குப் போட்ட ஊசி, அந்த ஐந்தாவது மருந்து.

விசாரணையில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. பல இடங்களில் அப்படித்தான் சோதிக்கிறார்கள் என்றார்கள்.

“எனக்குப் புரியலடி. நீ பாத்தப்போ எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?” என்று கேட்டேன்.

மிஷின் ஓரம் நின்ற, தைத்த சட்டையை மாட்டிப் பார்க்கும் பொம்மையைக் காட்டினாள். “அ... அதுக்குப் போட்டுப் பாத்துட்டு, சட்டைய அப்படியே குடுத்துடுவியாக்கா?”

“அதெப்படி? அது மூச்சு விடாது, கையத் தூக்காது. ஆளு வந்து போட்டுப் பாத்தாத்தானே எங்க பிடிக்குதுன்னு தெரியும்?”

“நான் கு... குடுத்துட்டேன்க்கா.”

இப்போது எந்த வேலையை எடுத்தாலும், உண்மையான தரவுத்தளத்தில் அவள் உள்ளிடும் முதல் கற்பனை நோயாளிக்கு அந்த ஐந்து மருந்துகளும் ஆகாது. ஐந்தும் திரும்பி வந்த பிறகுதான் அடுத்த சோதனை.

அந்தச் சட்டத்தை நான் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன். மறுநாள் பார்த்தால் பழைய ஆணியிலேயே தொங்கியது.

“இருக்கட்டும்க்கா” என்றாள்.

தினமும் வேலைக்குக் கிளம்பும்போது கைக்குட்டையால் கண்ணாடியின் கீழ்மூலையை மட்டும் துடைக்கிறாள். அங்கேதான் அவள் முதன்முதலாகப் போட்ட கையெழுத்து. அதன் அடியில் தேதி, மார்ச் பதினொன்று.